எடுத்தாச்சு

அமரர் ஊர்தியில் அமர இடமில்லை என்பது, விலைபேசி முடித்துச் சாவியைக் கையில் வாங்கிய பிறகுதான் அந்தக் குடும்பத்துக்கு உறைத்தது. முன்புறம் ஒரே ஒரு நீள இருக்கை. மூன்று பேர் நெருக்கியடித்து உட்காரலாம். பின்புறம், இருபக்கமும் கண்ணாடியும் ஊதா வெல்வெட் திரையுமாக ஒரு நீண்ட அறை. அதன் நடுவே, பெட்டியை உருட்டி ஏற்றுவதற்குப் பித்தளை உருளைகள் பதித்த தேக்குப் பலகை. வந்திருந்தவர்களோ நான்கு பேர்.

"யாராச்சும் ஒருத்தர் பின்னாடி வந்துதான் ஆகணும்" என்றான் தம்பி. சொல்லிவிட்டு, அண்ணனைப் பார்த்துவிடாமலிருக்கப் பெரும்பாடு பட்டான்.

"சீனியாரிட்டிப்படி பெரியப்பாதான்" என்றாள் அவன் மகள். கல்லூரியில் காலெடுத்து வைத்த பிறகும் வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர்.

பெரியப்பாவைத் தெருவே செக்கர் என்று அழைத்தது. ரயிலில் டிக்கெட் பரிசோதித்து ஓய்வு பெற்றவர். சொந்த மைத்துனனையே, டிக்கெட்டை மறந்துவிட்டு வந்தான் என்பதற்காக, நடுவழி நிலையத்தில் மழையோடு மழையாக இறக்கிவிட்டவர். ஒரு முறை பயணம் செய்த டிக்கெட்டை மறுபடி நீட்டியவர்களிடம், "ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பயணம்தான், இறங்கு" என்பார். அழுதாலும் இறங்கத்தான் வேண்டும். சொன்ன சொல்லை மாற்றுவதைவிட நாக்கை மாற்றிக்கொள்வது எளிது என்று நினைக்கிற பிறவி.

"எனக்கென்ன பயமா? நான் படுத்துக்கிட்டே வர்றேன். நீங்க மூணு பேரும் முன்னாடி மூட்டை மாதிரி நசுங்கிக்கிட்டு வாங்க" என்று சொல்லி, தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்புறம் ஏறினார். தம்பி கதவைச் சாத்தினான். அது மிக மென்மையாக, ஒரு பெருமூச்சுபோலச் சாத்திக்கொண்டது. அதற்குப் பிறகுதான் கவனித்தார்: உட்புறம் கைப்பிடியே இல்லை.

முன் இருக்கைப் பக்கம் திறக்கிற சிறு சாளரத்தைத் தட்டி, "டேய், இதை உள்ள இருந்து எப்படித் திறக்கறது?" என்றார்.

"உள்ள இருந்து யாருண்ணே திறக்கப் போறா?" என்றான் தம்பி.

முன்னால் மூவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பழைய கார்களைச் செப்பனிட்டுக் கல்யாணங்களுக்கும் படப்பிடிப்புகளுக்கும் வாடகைக்கு விடுவது தம்பியின் தொழில். சவ ஊர்தி எதற்கு என்று மனைவி கேட்டபோது, "கல்யாணமாவது சீசன்லதான் வரும். படத்துல எவனாவது ஒருத்தன் செத்துக்கிட்டேதான் இருப்பான்" என்று ஒரே வரியில் அவள் வாயை அடைத்திருந்தான். ஆனாலும் அவளுக்கு உள்ளூர உதறல். அப்படியொரு வண்டி வாசலில் நின்றால் தெரு என்ன சொல்லும்? ஆகவே, உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போகிறோம் என்று பக்கத்தாரிடம் பூசி மெழுகிவிட்டுத்தான் புறப்பட்டிருந்தார்கள்.

வழிநெடுக அந்த வண்டிக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. லாரிகள் ஒதுங்கி வழிவிட்டன. பெட்ரோல் பங்கில் வரிசை தானாக விலகியது. சாலையோரம் நின்றவர்கள் நெஞ்சில் கைவைத்தார்கள். செக்கர் திரையை விலக்கி அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தார். பணியில் இருந்த காலத்தில், அவர் பெட்டிக்குள் ஏறினால் ஆட்கள் கழிவறைக்குள் ஒளிந்தார்களே தவிர, எழுந்து நின்றதில்லை.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவைத் திறந்துவிடும் வேலையை வாலு எடுத்துக்கொண்டாள். வெளியே நின்று கைப்பிடியில் கைவைத்துக்கொண்டு, "பாஸ்வேர்டு சொல்லுங்க பெரியப்பா" என்பாள்.

"என்னடி பாஸ்வேர்டு?"

"தயவுசெஞ்சுன்னு சொல்லுங்க. திறக்கறேன்."

"திறடி கழுதை."

"அது தப்பான பாஸ்வேர்டு."

முதல்நாள் மதியம் அவர்கள் சாப்பிட்டு முடித்து வருகிற வரை அவர் உள்ளேயே கிடந்து புழுங்கினாரே ஒழிய, அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. கடைசியில் தம்பி மனைவிதான் மனம் கேளாமல் வந்து திறந்தாள். "சின்னப் பொண்ணுகிட்ட என்ன மாமா வீம்பு? சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டாள். "சொல்லிப் பழக்கமில்லை" என்றார். அது உண்மைதான். அந்த வார்த்தை எப்போதும் பிறர் அவரிடம் சொல்வதாகவே இருந்துவந்தது.

வழியில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு மறுநாள் காலை புறப்பட்டதும் தம்பி மனைவி ஊருக்குத் தொலைபேசினாள். வீட்டின் கீழ்ப்பகுதியில் ஒரு தையல்காரி குடியிருந்தாள். வண்டி வருமுன் தெருவைப் பக்குவப்படுத்தி வைக்க அவளைவிட்டால் ஆளில்லை.

"எடுத்தாச்சும்மா" என்று தொடங்கினாள். "சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்கு வந்துரும். அமரர் ஊர்தி, பெரிய வண்டி. வாசல்ல நிக்கற சைக்கிள், ஸ்கூட்டரையெல்லாம் ஒதுக்கி வைக்கச் சொல்லிடு... மாமாவா? பின்னாடி படுத்திருக்காரு, பாவம். தெருவுல நீதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்."

 மறுமுனையில் தழுதழுத்த குரல்: "நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க தைரியமா இருங்க."

தொலைபேசியை வைத்துவிட்டு, "பழைய வண்டிதான், அதுக்காகத் தைரியமா இருங்கன்னா என்ன அர்த்தம்?" என்று கணவனைக் கேட்டாள். "பிரேக்கைப் பத்திச் சொல்லியிருப்பா" என்றான் அவன்.

கொஞ்ச தூரம் போனதும் தம்பியின் தொலைபேசி ஒலித்தது. திரையில் தெரிந்த பெயரைப் பார்த்து அவன் ஓரங்கட்டி நிறுத்தினான். பிறகு, சாளரத்துக்கு அப்பால் அண்ணனுக்கும் கேட்கட்டுமென்று ஒலியைக் கூட்டிவிட்டான். அழைத்தது செக்கரின் மகள்.

அவள் இந்தக் குடும்பத்தோடு பேசிப் பல வருடங்களாயின. அவள் விரும்பியவன் ஒருகாலத்தில் டிக்கெட் இல்லாமல் ரயிலேறிச் செக்கரிடம் அகப்பட்டவன். பெண் கேட்டு வந்தவனை, முகத்தைப் பார்த்ததுமே அவர் அடையாளம் கண்டுகொண்டார். "ஓசியில வந்தவனுக்கு என் பொண்ணு ஓசியில கிடைக்க மாட்டா" என்றார். அவள் அவனோடு போக முடிவெடுத்த அன்று, "நான் செத்தாதான் இந்த வாசல்ல உன் கால் படணும்" என்றார். அவள் அழவில்லை. "சரி. அன்னைக்கு ஒரே ஒரு தடவை வர்றேன்" என்றாள். அந்தக் குடும்பத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவரிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரே ஜீவன் அவள்.

"சித்தப்பா, எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாச்சும்மா. வந்துக்கிட்டே இருக்கோம்" என்றான் தம்பி. அவளுக்கு எப்படித் தெரிந்தது என்ற வியப்பில் வேறெதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"பாக்க எப்படி இருக்காரு?"

"அமைதியா வர்றாரு. பின்னாடிதான் படுக்க வச்சிருக்கோம்."

ஏதோ உடைவதுபோல ஒரு சத்தம். "நான் வர்றேன். நான் பாக்கறதுக்கு முன்னாடி எதுவும் செஞ்சுடாதீங்க" என்றாள். இணைப்பு அறுந்தது.

முதலில் விளங்கிக்கொண்டவள் வாலுதான். "அம்மா, தையல்காரக்காதான் அக்காவுக்குச் சொல்லியிருக்கணும். நீ ஃபோன்ல எடுத்தாச்சுன்னு எதைச் சொன்ன?"

"வண்டியத்தான். வண்டிய எடுத்தாச்சுன்னு..."

"வண்டியைன்னு சொன்னியா?"

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கடையில் வாங்கினாலும் எடுத்தாச்சு, கிளப்பினாலும் எடுத்தாச்சு, பிணத்தைத் தூக்கினாலும் எடுத்தாச்சு. அந்த ஒரே வினைச்சொல், எழுவாயையும் செயப்படுபொருளையும் உதறிவிட்டு, ஒரு மனிதரை உயிரோடு தூக்கிப் பலகையில் கிடத்திவிட்டிருந்தது.

"ஐயையோ! உடனே கூப்பிட்டுச் சொல்லுங்க!" என்று அவள் பதறினாள். தம்பி எண்ணை அழுத்தப்போனான். சாளரத்தின் வழியாக ஒரு கை நீண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

"வைடா அதை" என்றார் செக்கர். "அவ வரட்டும்."

"அண்ணே, இது பாவம்ணே. அந்தப் பொண்ணு என்ன பாடு படும்?"

"படட்டும். இத்தனை வருஷம் நான் படல?"

"மாமா, வந்து உங்கள உயிரோட பாத்தா?"

"சந்தோஷப்படுவா. காலைக் கட்டிக்கிட்டு அழுவா." அந்தக் காட்சி அதற்குள் அவர் கண்முன் ஓடிக்கொண்டிருந்தது. "எவனாச்சும் அவளுக்கு ஃபோன் போட்டீங்க, அப்புறம் நான் நிஜமாவே செத்துப்போவேன்."

தம்பி தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அண்ணனுக்கு அஞ்சித்தான் என்று பிற்பாடு சொல்லிக்கொண்டாலும், அவன் முகத்தில் வேடிக்கை பார்க்கிற ஆசையும் சிறிது இருந்தது.

பிறகு செக்கர் ஆளே மாறிப்போனார். சாலையோரம் ஒரு முடிதிருத்தகத்தைக் கண்டு வண்டியை நிறுத்தச் சொன்னார். முடிதிருத்துபவர் வாசலில் நின்ற ஊர்தியையும் நாற்காலியில் அமர்ந்தவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"துக்கத்துக்குப் போறீங்களாய்யா?"

"ஆமா."

"நெருங்கின சொந்தமா?"

"என்னைவிட நெருங்கினவன் அவனுக்கு யாருமில்ல" என்றார் செக்கர். "மீசையைக் கொஞ்சம் நல்லா ஒதுக்குங்க. நிறைய பேர் பாப்பாங்க."

மழமழவென்று வழித்த கன்னமும் வெளுத்த சட்டையுமாகப் பலகையில் மல்லாந்து, எப்படிக் கிடந்தால் உருக்கமாக இருக்குமென்று ஒத்திகை பார்த்தார். கைகளை மார்மீது கோத்தார், மிகையாகத் தோன்றியது. பக்கவாட்டில் விட்டார். மகள் கண்ணாடியில் முகம் பதித்துக் கதறுவாள், கதறி முடிக்கட்டும், பிறகு மெதுவாகக் கண்ணைத் திறக்கவேண்டும். முதலில் என்ன சொல்வது? "வந்துட்டியா" என்பது போதும். மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் தேவையில்லை. பித்தளை உருளைகள் முதுகில் குத்துவதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஊர்தி தெருவுக்குள் நுழைந்தது. தையல்காரி தன் கடமையைக் குறைவற நிறைவேற்றியிருந்தாள். வாடகை நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. தெருவே கூடியிருந்தது. தம்பியும் மனைவியும் இறங்கிய கணமே ஆட்கள் மொய்த்துக்கொண்டார்கள். யாரோ தம்பியைக் கட்டிப்பிடித்து, அவன் வாயைத் தன் தோளிலேயே அழுத்திக்கொண்டார். "இல்லங்க, அதில்லங்க" என்று தம்பி மனைவி சொன்னதை, துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று எண்ணித் தண்ணீர் கொடுத்தார்கள்.

கண்ணாடியின் ரப்பர் இற்றுப்போயிருந்ததால் வெளிப்பேச்செல்லாம் செக்கருக்குத் துல்லியமாகக் கேட்டது.

"ஒருவழியா போய்ச் சேர்ந்தாரு."

"மேலேயும் வாசல்ல நின்னு டிக்கெட் கேப்பாரு, பாருங்க."

"அவர் இருந்த மாடி ரூமை இனிமே வாடகைக்கு விடுவாங்களா?"

பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு குரல்.

அது வந்தது. "எல்லாரும் கொஞ்சம் தள்ளி இருங்க. நான் தனியா பாக்கணும்."

கூட்டம் விலகுகிற ஓசை. செருப்புச் சத்தம் மிக அருகில் வந்து நின்றது. கதறல் எழவில்லை. கைப்பிடி மெல்லத் திரும்புகிற கிறீச்சொலி மட்டும் கேட்டது. பொறுக்கமாட்டாமல் செக்கர் கண்ணைத் திறந்தார்.

கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள். தலையில் அங்கங்கே நரை. கண்கள் வீங்கிச் சிவந்து, மூக்கு நுனி தோலுரிந்து கிடந்தது. அவர் எதிர்பார்த்த அழுகை முழுவதும் அந்த முகத்தில் இருந்தது. ஆனால் எங்கேயோ, அவர் இல்லாத இடத்தில், அழுது தீர்க்கப்பட்டிருந்தது.

அவர் புன்னகைத்தார். "வந்துட்டியா?"

அவள் திடுக்கிட்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், அந்த முகத்தில் ஏதோ ஒளிர்ந்ததை அவர் கண்டார். பிறகு அவள் பார்வை வழித்த கன்னத்துக்கும், ஒதுக்கிய மீசைக்கும், வெளுத்த சட்டைக்கும் போயிற்று. எல்லாம் விளங்கிவிட்டது. பாதி திரும்பியிருந்த கைப்பிடியை இருந்த இடத்துக்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, கையை எடுத்துக்கொண்டாள்.

"பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதேன்" என்றாள் தாழ்ந்த குரலில். "பக்கத்து சீட்டுல இருந்த யாரோ ஒரு அம்மா மடியில விழுந்து அழுதேன். இருந்ததெல்லாம் தீந்துபோச்சுப்பா."

"கதவைத் திற. இறங்கி வந்து சொல்றேன்."

"ஒரே ஒரு தடவை வர்றேன்னு சொன்னேன். வந்துட்டேன்." புடவைத் தலைப்பால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். "ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பயணம்தானே? அடுத்த தடவை எனக்குச் சொல்லி அனுப்ப வேணாம்."

அவள் திரும்பி நடந்தாள். செக்கர் கண்ணாடியை அறைந்தார். கூட்டம் அலறிக்கொண்டு பின்வாங்கியது, நாற்காலிகள் சாய்ந்தன, பிணம் எழுந்துவிட்டதென்று தையல்காரி வீட்டுக்குள் ஓடிக் கதவைத் தாழிட்டாள். மகள் மட்டும் ஓடவில்லை. சீரான நடையில் தெருமுனையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். அவர் கதவை முட்டியால் இடித்தார், நகத்தால் பிறாண்டினார். பற்றிக்கொள்ள எதுவுமே இல்லாத வழுவழுப்பான கதவு.

"அம்மா... நில்லும்மா... தயவுசெஞ்சு... தயவுசெஞ்சு..."

மகள் முனை திரும்பிவிட்டாள்.

பெருமூச்சுபோல ஓர் ஓசையுடன் கதவு திறந்தது. வாலு நின்றிருந்தாள். அவள் சிரிக்கத்தான் செய்தாள்.

"அவ்வளவுதான் பெரியப்பா. இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல? இறங்குங்க."