மீன் இல்லாத கடல்

"கையை நீட்டு."

அவள் நீட்டினாள். கணவர் தூரிகை நுனியில் இருந்த பச்சையை அவள் முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தார். அந்தப் பட்டறையில் எந்த நிறமும் முதலில் அவள் கையில்தான் ஏறும், பிறகுதான் சுவரில். ஈரத்தில் ஒன்று காட்டும், காய்ந்ததும் வேறொன்று. பலகையில் பூசிப் பார்க்கலாமே என்றால், "பலகை வாயைத் திறந்து குறை சொல்லாது, நீ சொல்லுவே" என்பார்.

"காய்ஞ்சதும் பாரு. கறுத்துப் போச்சுன்னா இன்னும் கொஞ்சம் மஞ்சள் விடணும். நான் போய் ஸ்பாஞ்சு வாங்கிட்டு வந்துடறேன்."

"போறதுக்கு முன்னாடி அந்தச் சட்டி மூடியைக் கழுவி வைங்க. நேத்து மூடி இல்லாம தட்டைக் கவுத்தேன்."

அருங்காட்சியகச் சுவரில் நிலாவுக்கு வட்டம் இழுக்க அந்த மூடியைத்தான் அவர் தூக்கிக்கொண்டு போயிருந்தார். திரும்பி வந்தபோது விளிம்பெல்லாம் வானத்து ஆரஞ்சு.

"வந்து கழுவறேன்" என்று படியிறங்கினார்.

பெயின்ட் கடை வாசலில், வாங்கிய ஸ்பாஞ்சு கையில் இருக்கும்போதே சரிந்தார். மருத்துவமனை நடையில் டாக்டர் வெளியே வந்து தலையை அசைத்தபோது அவள் தன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை காய்ந்திருந்தது. கறுக்கவில்லை. அவர் தேடிய பச்சையேதான். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

பட்டறையில் மூன்றே பேர்: அவர், அவள், கொழுந்தன். அருங்காட்சியகத்தில் புதிதாக ஓர் அறை. உயிர் தொடங்கிய காலத்துப் பூமி. சுவர் முழுக்க ஓவியம், அதற்கு முன்னால் சிமென்டில் ஒரு கடற்கரை. கணவர் அதற்காகப் புத்தகம் புத்தகமாகப் படித்துத் தள்ளியிருந்தார். காற்றில் பிராணவாயு இல்லாத காலம் அது. தண்ணீரில் இரும்பு கரைந்து கிடந்ததால் கடல் பச்சை. வானம் ஆரஞ்சு மங்கல். கரையோரத்தில் கவிழ்த்த கிண்ணங்கள் போலப் பாறைகள், அவற்றின் மேல் வழவழப்பாக ஒரு படலம்.

"அந்த வழவழப்புதான் உயிர். வேற ஒண்ணும் கிடையாது" என்றார்.

"பாக்க வர்றவங்க ஏமாந்து போவாங்களே?"

"போகட்டும். நம்ம மூதாதை மூஞ்சி அப்படித்தான்."

வானமும் கரையும் முடிந்திருந்தன. கடல் மட்டும் பாக்கி. கையிலிருந்த பச்சைக் கோட்டைக் குளிக்கும்போதும் நனையவிடாமல் காத்து, அதைப் பார்த்துப் பார்த்தே நிறம் கலந்து, அவள் கடலை முடித்தாள். முடித்த பிறகுதான் கையைத் தேய்த்துக் கழுவினாள்.

அருங்காட்சியகத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. காப்பாட்சியர் இரண்டு முறை கைக்குட்டையை எடுத்தார். "இது அவருடைய கடல். இதை இனி யாரும் தொட முடியாது" என்றார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கூட்டம் பாதிக் கைதட்டியது.

திறப்பு விழா நெருங்கியதும் காப்பாட்சியர் அவளையும் கொழுந்தனையும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"மேலிடத்துலேர்ந்து வந்து பாத்தாங்கம்மா. தொட்டி கழுவாத தண்ணி மாதிரி இருக்காம். நீலமா மாத்திடலாம். அப்புறம் ஒரு மீன். ஒண்ணே ஒண்ணு."

"மீன் வர்றதுக்கு இன்னும் முன்னூறு கோடி வருஷம் இருக்கு சார்."

"குழந்தைங்க கணக்கா பாக்கும்? உயிர் எங்கேன்னு கேக்குமே."

"பாறை மேல இருக்கே, அதுதான் உயிர்."

"பாசியை எங்க வீட்டு மொட்டை மாடியில தினமும் பாக்கறேன். அதுக்கு யாராவது டிக்கெட் வாங்குவாங்களா?"

கொழுந்தன் சிரித்துவிட்டு, அண்ணி முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான்.

"அன்னிக்குக் கூட்டத்துல, யாரும் தொட முடியாதுன்னீங்களே சார்."

காப்பாட்சியர் உண்மையாகவே குழம்பிப்போய் அவளைப் பார்த்தார். "அது இரங்கல் கூட்டம்மா."

வெளியே வந்ததும் கொழுந்தன் ஆரம்பித்தான். "அண்ணி, முரண்டு பிடிச்சா அடுத்த அறை வேற ஆளுக்குப் போயிடும். அண்ணன் இருந்திருந்தா அவரே சரின்னிருப்பார்."

"உங்க அண்ணன் இருந்திருந்தா இதை நீ வாயால சொல்லியிருக்கவே மாட்டே."

அவள் தூரிகையைத் தொடவில்லை. வீட்டுக்குப் போகச் சொன்னான், போகவும் இல்லை. சிமென்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டு, அவன் உருளையில் நீலத்தைத் தோய்த்து இழுப்பதைப் பார்த்தாள். முதல் பூச்சில் பச்சை எட்டிப் பார்த்தது. இரண்டாவதிலும் பார்த்தது. மூன்றாவதில் ஒடுங்கிவிட்டது.

நிஜக் கடலின் பச்சையும் போனதுதான். அந்தப் படலமே கொஞ்சம் கொஞ்சமாகப் பிராணவாயுவை விட்டு, இரும்பெல்லாம் துருவாகி அடியில் படிந்து, அதற்கப்புறம்தான் கடல் மாறத் தொடங்கியது என்று கணவர் சொல்லியிருக்கிறார். அதற்கே நூறு கோடி வருஷத்துக்கு மேல் பிடித்ததாம். கொழுந்தனுக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது.

போனில் ஒரு படத்தைப் பார்த்து, மஞ்சள் வரி போட்ட மீன் ஒன்றையும் வரைந்தான்.

"அந்தத் தண்ணியில இது மூச்சு முட்டிச் செத்துடும்" என்றாள்.

"படத்து மீனுக்கு எதுக்கு அண்ணி மூச்சு?"

அவள் எழுந்து சேலையில் ஒட்டிய சிமென்டுத் தூசியைத் தட்டினாள்.

திறப்பு நாளன்று குழந்தைகள் மீனிடம் போய் அப்பிக்கொண்டன. பாறைகளை யாரும் சீண்டவில்லை; ஒருத்தி அவற்றில் ஒன்றின் மேல் கைப்பையை வைத்துவிட்டுக் குழந்தையைப் படம் எடுத்தாள். காப்பாட்சியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இவளிடம் வந்தார்.

"எனக்கு எல்லாத்தையும் விட அந்த நிலாதான்மா. எவ்வளவு பெருசு! கலைஞன் கற்பனைக்கு எல்லையே இல்லை பாருங்க."

கற்பனை ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் நிலா பூமிக்கு இன்னும் பக்கத்தில் இருந்தது. எத்தனை பெரிதாகத் தெரிந்திருக்கும் என்று கணவர் கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு வீட்டில் ஒரு வட்டம் தேடியிருந்தார். சொல்ல வாயெடுத்தாள். காரணம் இருக்கிறதென்று தெரிந்தால் இந்த மனுஷர் அதையும் சரிசெய்துவிடுவார்.

"ஆமாம் சார், கற்பனைதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பை மூட்டி, சட்டியை ஏற்றி மூடினாள். மூடியின் விளிம்பில் ஆரஞ்சு இன்னும் இருக்கிறது. அங்கே சுவரில் நிலாவும் அந்த மூடியின் அளவுதான் இருக்கிறது.