ஆன்சி டீச்சரின் ஜெபம்

எட்டாம் வகுப்பில் மாதத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஆன்சி டீச்சரின் நெற்றி மெல்ல இறங்கி, மேசைமேல் கோத்திருந்த கைகளில் போய் நின்றது. அந்த நேரம் பார்த்துத் தாளாளர் ஐயா வெளியூர் விருந்தினர் இருவரோடு வராந்தாவில் வந்தார். வாசலில் நின்று உதட்டில் விரல் வைத்தார். "ஜெபத்துல இருக்காங்க" என்றார். விருந்தினர்கள் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார்கள். அன்று எட்டாம் வகுப்பில் யாரும் தோற்கவில்லை.

திருநகரில் உள்ள அந்த மிஷன் பள்ளியில் வேறு யார் தூங்கினாலும் தூக்கம்தான். ஆன்சி தூங்கினால் மட்டும் ஜெபம். அவள் வாய் பிளப்பதில்லை, சரிவதில்லை. கை கோத்துத் தலை கவிழ்ந்துவிடுவாள், அவ்வளவுதான். ஆசிரியர் கூட்டத்தில் ஜெபித்தாள். ஞாயிறு ஆராதனையில், பிரசங்கம் தொடங்கியதும் ஜெபித்தாள். ஒருமுறை டவுன் பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் பெரியார் பஸ் நிலையம் வரை ஜெபித்துக்கொண்டே போனாள். "தூங்கிட்டேங்க ஐயா" என்று தாளாளரிடம் அவளே ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். என்ன தாழ்மை என்று அவர் அதையும் அடுத்த பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். சபைப் பெண்கள் சங்கம் அவளை ஜெபச் செயலாளர் ஆக்கியது. மிஷன் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற கணவர் இம்மானுவேல், தன் பெயருக்குக் கீழே அதையும் சேர்த்து லெட்டர் பேடு அடித்தார்.

தினமும் காலையில் எழும்போதே அவளுக்கு மண்டை கல்லாகக் கனத்தது. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் போனாள். பிரஷருக்கு ஒரு டாக்டர் மூன்று மாத்திரை கொடுத்தும் இறங்கவில்லை. சர்க்கரைக்கு இன்னொருவர். மறதிக்கும் எரிச்சலுக்கும் மூன்றாமவர் 'வயசு' என்று சொல்லி அனுப்பினார். ஒருநாள் பழங்காநத்தம் சிக்னலில் ஸ்கூட்டியிலேயே கண் அசந்து முன்னால் நின்ற ஆட்டோவில் முட்டியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர் பாண்டிமீனா இறங்கிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டூர்ல உங்க பக்கத்துல படுத்தவ நான். குறட்டை விட்டுட்டே இருப்பீங்க, திடீர்னு மூச்சு நின்னுரும். எப்ப திரும்ப வரும்னு உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்தேன். இப்ப நேரா ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

ஒரு ராத்திரி முழுக்க உடம்பில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். மணிக்கு முப்பத்தெட்டு தடவை மூச்சு தடைப்பட்டது. அடங்காத பிரஷரும் ஏறுகிற சர்க்கரையும் பெரும்பாலும் இதோடு கூட்டுச் சேர்ந்து வருகிறவை, இப்படியே விட்டால் இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்றார் நுரையீரல் டாக்டர். எப்படித் தூங்குகிறீர்கள் என்று இதுவரை ஒருத்தருமா கேட்கவில்லை என்று ஆச்சரியப்பட்டார். யாரும் கேட்கவில்லை. குறட்டை ஆம்பளைக்கு உரியது. இம்மானுவேலின் குறட்டை அந்த வீட்டில் உழைப்பின் அடையாளம். அவளுடையது மகள் ஜெனிக்கு வரன் முடியும்வரை வெளியே தெரியக்கூடாத ரகசியம்.

தூங்கும்போது மூக்கில் மாட்டிக் காற்றடிக்கும் மிஷின் வந்தது. இரண்டே வாரத்தில் மண்டைக் கனம் விட்டது. பகலில் கண் சொக்கவில்லை. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. ஆசிரியர் கூட்டத்தில் தாளாளர் பேசியதை ஆன்சி முதல்முறையாக முழுக்கக் கேட்டாள். கேட்டதோடு நிற்காமல், பிள்ளைகளுக்கு ஏன் மூன்றே கழிப்பறை என்று எழுந்து கேட்டாள். ஆன்சி சிஸ்டர் ஜெபத்தில் பின்வாங்கிப் போய்விட்டாரோ என்று தாளாளர் இம்மானுவேலிடம் வருத்தப்பட்டார். தலைமையாசிரியை பதவி காலியாகும் மாதம் அது. யாருக்கு என்பது தாளாளரின் கையில்.

மிஷினைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார் இம்மானுவேல். "உன்னைத் தூங்கச் சொல்லலை, ஆன்சி. ஆர்டர் வர்ற வரைக்கும் கூட்டத்துல தலையைக் கவுந்துக்கிட்டு சும்மா இரு. அம்புட்டுதான்."

"சாவியைக் குடுங்க" என்றாள் அவள். "நான் மூச்சு விடணும்."

மறுவாரம் சனிக்கிழமை பிற்பகல் ஆண்டு விழா. மேடையில் அவளை 'ஜெப வீராங்கனை' என்று அறிவித்து, ஜெப அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்லும்படி மைக்கைக் கொடுத்தார் தாளாளர். சாட்சி முடிந்ததும் போர்த்துவதற்காகப் பொன்னாடையை இரு கையாலும் விரித்துப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றுகொண்டார். முன்வரிசையில் இம்மானுவேல் சட்டைக் காலரைச் சரிசெய்தார். தலைமையாசிரியை பதவி வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு ஆன்சி பெரிய மனுஷி இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் ஆசைப்பட்டது அது.

"நான் ஜெபம் பண்ணலை. தூங்கினேன்" என்றாள்.

கூட்டம் சிரித்தது. எம்புட்டுத் தாழ்மை பாருங்கள் என்று தாளாளர் கூட்டத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

"தாழ்மை இல்லைங்க ஐயா. ரிப்போர்ட் இருக்கு." கைப்பையிலிருந்து ஃபைலை எடுத்துப் பிரித்தாள். "ராத்திரி மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி. ஆம்பளைக்கு மட்டும் வர்றதில்ல, குண்டா இருக்கிறவங்களுக்கு மட்டும் வர்றதில்ல. இங்க எம்புட்டுப் பேரு பிரஷர் மாத்திரை போட்டும் இறங்காம இருக்கீங்க? எம்புட்டுப் பேரு காலையில மண்டை கனத்து எந்திரிக்கிறீங்க? போய்க் காட்டுங்க. தலைமையாசிரியை வேலை எனக்கு வேணும். பாடம் நடத்துனதுக்காக வேணும். தூங்குனதுக்காக வேண்டாம்."

நாலாம் வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா எழுந்தார். பக்கத்தில் இருந்த கணவர் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. அந்த டாக்டரின் நம்பரைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லச் சொன்னார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் செல்போனை எடுத்தார்கள்.

ஆன்சி மைக்கில் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்லத் தொடங்கினாள். போட்டோகிராபர் கேமராவை இறக்காமல், அப்படியே நில்லுங்க ஐயா என்று கையைக் காட்டினார். போர்த்தவும் முடியாமல் மடிக்கவும் முடியாமல் தாளாளர் நின்றார். மேடை விசிறிக் காற்றில் பொன்னாடை உப்பி, தளர்ந்து, மறுபடியும் உப்பியது.