ஜன்னல் வைத்த அறை

எங்கள் வீட்டில் புதுப் பொருள் எதுவும் பழசாவதில்லை. என் வீட்டுக்காரர் ஆக விடமாட்டார். நல்ல போர்வை பீரோவில் தூங்கும், கிழிந்த போர்வையில் நாங்கள் தூங்குவோம். இவர் ஓட்டுவது பள்ளிக்கூடத்து வேன். பிள்ளைகள் உட்காரும் சீட் கிழிந்து தொங்குகிறதே என்று சொந்தக் காசில் புது உறை வாங்கினார். வாங்கியவர், அது அழுக்காகிவிடும் என்று அதன் மேலேயே பழைய உறையை மாட்டிவிட்டார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

"அப்புறம் எதுக்குங்க புது உறை?"

"உள்ள புதுசு இருக்குல்ல. அது போதும்" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் அந்தப் பெரிய இன்சூரன்ஸைக் கொண்டுவந்து விற்றார்கள்.

விற்றது வெளி ஆள் இல்லை, என் நாத்தனார் புருஷன். அக்குளில் தோல் பை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்று நாத்தனாரிடமே கேட்டிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார், காபியைக் குடித்தார், மேஜைமேல் இரண்டு அட்டைகளை விரித்து வைத்தார்.

"இது சின்ன திட்டம், இது பெரிய திட்டம். நல்லா பாத்துக்கோங்க மச்சான்."

சின்னதில் தவணை கம்மி. காய்ச்சல், இருமலுக்குக்கூடத் தெருமுனை கிளினிக்கில் போய்க் காட்டலாம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி என்று போய்ப் படுத்தால் பொது வார்டுதான், செலவில் பாதி நம் தலையில். பெரிய திட்டத்துக்குத் தவணை மூன்று மடங்கு. படுத்தால் தனி அறை, மொத்தச் செலவும் கம்பெனியுடையது. அதோடு, கம்பெனியிடம் பணமே கேட்காமல் ஒரு வருஷம் ஓட்டினால் போனஸ் உண்டு. ஐந்து வருஷம் கை வைக்காமல் இருந்தால் காப்பீட்டுத் தொகை இரண்டு மடங்காகும்.

நான் ஒரு லாண்டரியில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். எங்கள் இரண்டு பேர் சம்பளமும் மாசக் கடைசியைப் பார்த்ததே இல்லை. ஃபிரிட்ஜ் கதவு மூடாமல், அதை ஒரு ரப்பர் பட்டையால் கட்டி வைத்திருந்தோம்.

"சின்னது போதும்ணா. நமக்கு வர்றதெல்லாம் காய்ச்சலும் கால்வலியும்தான்" என்றேன்.

பெரிய திட்டத்தின் அட்டையில் ஒரு படம் இருந்தது. ஒற்றைக் கட்டில், பக்கத்தில் சோபா, பெரிய ஜன்னல், அதில் வெயில். இவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. என் மாமனார் கடைசியாகக் கிடந்தது பொது வார்டில், கழிவறைக் கதவை ஒட்டிப் போட்ட கட்டிலில். யார் உள்ளே போனாலும் கதவு வந்து கட்டில் காலில் இடிக்கும். மாமனார் முகத்தைச் சுளிப்பார். இவர் ராத்திரி முழுக்கத் தரையில் உட்கார்ந்து, கதவு இடிக்காமல் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

"பெருசே போடு மாப்பிள்ளை. இந்த வீட்டு ஆளு யாரும் இனிமே கதவோரம் படுக்கக் கூடாது."

இதற்கு மேல் நான் என்ன பேசுவது? கார்டு வந்தது. இவர் அதன் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்காமல், பீரோவில் அந்த நல்ல போர்வையின் மடிப்புக்குள் வைத்துப் பூட்டினார்.

அதன் பிறகு நாங்கள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித் தவணை கட்டினோம். அதில்கூட எனக்கு வருத்தமில்லை. கட்டிய கார்டைத் தொடக் கூடாது என்பதுதான் கொடுமை. எனக்குக் கடைவாய்ப்பல் வலித்தது, கிராம்பு வைத்து அடக்கிக்கொண்டேன். இவருக்குக் காய்ச்சல் வந்தது, மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கி விழுங்கினார். "பெருசா ஏதாவது வந்தா எடுத்துக்கலாம்" என்பார். வருஷத்துக்கு ஒருமுறை உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்று தகவல் வரும். "போனா போனஸ் போயிடும்" என்று அதையும் விட்டுவிடுவார்.

கூட வேன் ஓட்டும் நெட்டை சின்ன திட்டம் எடுத்தவன். அவன் கார்டு சட்டைப் பையிலேயே இருக்கும், மூலைகள் மழுங்கி, எழுத்து அழிந்து. தும்மினால் கிளினிக், விக்கினால் கிளினிக். அங்கே அவனுக்கென்று ஒரு நாற்காலியே போட்டு வைத்திருப்பதாக இவர் கிண்டல் செய்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

ஐந்தாவது வருஷம் முடியப்போகும் நேரம். இவர் வேனின் முன்கண்ணாடியை ஓயாமல் துடைக்க ஆரம்பித்தார். காலையில் துடைப்பார், வந்ததும் துடைப்பார். வீட்டிலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைப்பார்.

"என்னங்க, பொண்ணு பாக்கப் போறீங்களா? இந்தத் துடை துடைக்கிறீங்க."

"கொசு மாதிரி ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார்.

நான் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒருநாள் சாயங்காலம் வேனைப் பள்ளிக்கூட வாசல் தூணில் உரசிவிட்டு வந்தார். நல்லவேளை, உள்ளே பிள்ளைகள் இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இடது கண்ணுல பாதிக்கு மேல திரை விழுந்த மாதிரி இருக்கு. தூண் தெரியல."

"எப்பலேருந்து?"

"திரை நேத்துலேருந்து. அதுக்கு முன்னாடி கொசு. அப்புறம் ஓரத்துல மின்னல் மாதிரி வெட்டிக்கிட்டே இருந்துச்சு. அது கொஞ்ச நாளா இருக்கு."

"ஏங்க சொல்லல?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்த வாரம் புதுப்பிக்கிற தேதி. அஞ்சு வருஷம் முழுசா முடியுது. முடிஞ்சதும் போலாம்னு பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டில் டி.வி.யை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள் என்பது மட்டும் தெரியும். பீரோவைத் திறந்து போர்வையை உதறினேன். கார்டு தரையில் விழுந்தது. அந்தப் பிளாஸ்டிக் தாளைப் பல்லால் கடித்து உரித்தேன்.

ஆஸ்பத்திரியில் கார்டைப் பார்த்ததும் எழுந்து நின்று வரவேற்றார்கள். முன்பணம் என்ற பேச்சே இல்லை. கண் டாக்டர் நெடுநேரம் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியில் சாய்ந்தார்.

"விழித்திரை கிழிஞ்சு கழண்டு வந்திருக்கு. மின்னல் தெரிஞ்ச அன்னைக்கே வந்திருந்தா லேசர் வெச்சு ஒட்டியிருப்பேன். அன்னைக்கே வீட்டுக்குப் போயிருக்கலாம். இப்ப பெரிய ஆபரேஷன்தான்."

"பார்வை வந்துடுமா டாக்டர்?" என்று இவர் கேட்டார்.

"கொஞ்சம் வரும்."

"வேன் ஓட்டலாமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போற வண்டி. அது வேண்டாங்க."

இவர் சரி என்பதுபோலத் தலையாட்டினார். ஏதோ கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் தலையாட்டுவோமே, அப்படி.

இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "செக்கப் ஒரு தடவைகூடப் பண்ணலையாம்மா? கண்ணு டெஸ்ட்டும் அதுல உண்டே."

"போனஸ் போயிடும்னுதான்மா போகல."

"செக்கப்புக்கும் போனஸுக்கும் சம்பந்தமே இல்லையே" என்றாள், நல்ல பெண், வருத்தப்பட்டுத்தான் சொன்னாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இவர் பயந்த பயத்துக்கு அர்த்தமே இல்லை என்று ஒருத்தி சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். திட்டத்தை விற்ற அந்தத் தோல் பை அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவரிடம் கேட்டால் எதையாவது விற்பார் என்ற பயம், கேட்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து கொண்டுவந்த அறை, அட்டையில் இருந்த அதே அறை. ஒற்றைக் கட்டில், சோபா, சத்தமே உள்ளே வராத பெரிய ஜன்னல். விரிப்பைத் தொட்டுப் பார்த்தேன், நான் இஸ்திரி போட்டதிலேயே அப்படி ஒரு துணி கிடையாது. நர்ஸ் வந்தாள். நடுவில் ஓட்டை போட்ட ஒரு தலையணையை வைத்து இவரைக் குப்புறப் படுக்க வைத்தாள். கண்ணுக்குள் ஏதோ வாயு நிரப்பியிருக்கிறார்களாம். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றால் ஒரு வாரம் முகம் கீழே பார்த்தபடியே இருக்க வேண்டுமாம். சாப்பிட, கழிவறை போக மட்டும் எழுந்திருக்கலாம், அப்போதும் குனிந்த தலை நிமிரக் கூடாது.

ஐந்து வருஷம் கட்டி வாங்கிய அறையில் இவர் பார்த்தது, தரையில் நாலு ஓடுகள்.

"கழிவறைக் கதவு எங்க இருக்கு?" என்று முதல் நாளே கேட்டார்.

"தூரத்துல இருக்குங்க. இடிக்காது."

"அது போதும்" என்றார்.

நெட்டை பார்க்க வந்தான். சோபா நுனியில் பட்டும் படாமலும் உட்கார்ந்தான். வேனுக்குப் புது ஆள் போட்டுவிட்டார்களாம்.

"எப்படி ஓட்டுறான்?" இவர் தலையணைக்குள்ளிருந்து கேட்டார்.

"பரவாயில்லண்ணே. சீட்டுல இருந்த பழைய உறையை உருவித் தூக்கிப் போட்டுட்டான். அடியில புதுசு இருந்துச்சாம், பளபளன்னு. பிள்ளைங்களுக்கு ஒரே குஷி."

சொல்லியிருக்கக் கூடாதோ என்று நெட்டைக்குத் தோன்றிவிட்டது. என்னைப் பார்த்தான், எழுந்தான், சட்டைப் பையில் அந்த மழுங்கின கார்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சின்ன கார்டு இவர் பையில் இருந்திருந்தால், கொசு பறந்த அன்றைக்கே தெருமுனைக்குப் போயிருப்பார். அவர்கள் பார்த்துவிட்டு ஓடுங்கள் என்று விரட்டியிருப்பார்கள். பொது வார்டாக இருந்தால் என்ன, சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பார். அன்றைக்கு அந்த மேஜையில் நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம்.

நெட்டை போன பிறகு ஜன்னலுக்குப் போய் நின்றேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். கீழே சிக்னலில் வேன்கள் வரிசையாக நின்றன. மூன்றாவதாக நின்றது எங்கள் வேன். பக்கவாட்டில் இருந்த கீறலை வைத்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலை வெளியே நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தது. இவர் இருந்தால் ஒரு அதட்டல் போட்டிருப்பார். ஹாரன் அடித்திருப்பார்கள், எங்களுக்குக் கேட்கவில்லை.

"ஜன்னல்ல என்ன தெரியுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க. பக்கத்துக் கட்டடத்துச் செவுருதான்."

அவர் முகத்துக்குக் கீழே, தரை ஓடுகளில், ஜன்னல் அளவுக்கு வெயில் பரந்து கிடந்ததை அப்போதுதான் நான் கவனித்தேன். சுவர் மறைத்தால் வெயில் எப்படி வரும்? அவர் அதைக் கேட்கவில்லை.

"திரையை இழுத்து விட்டுடும்மா" என்றார். "சோபா புதுசா இருக்கு. வெயில் பட்டா வெளுத்துடும்."

என் கை திரை வரைக்கும் போனது. நான் இழுக்கவில்லை. வெளுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.