பிளாட்பாரச் செடிகள்

வீட்டில் இருக்கிற ஒரே தொட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாத என் கணவர், ரயில் நிலையத் தொண்டர் குழுவில் சேர்ந்து தினமும் பிளாட்பாரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாராம். அதுவும் தலைக்கு டை அடித்துக்கொண்டு! நெருப்பில்லாமல் புகையுமா?

நானும் குழுவில் சேர்ந்தேன். துடைப்பமும் கையுமாக, ஏறுகிறவள் இறங்குகிறவள் அத்தனை பேரையும் நோட்டம் விட்டேன். பிளாட்பாரம் கண்ணாடி மாதிரி ஆனது, ஆள்தான் அகப்படவில்லை.

ஒருநாள் ஸ்டேஷன் மாஸ்டர் அவரைத் தனியாக அழைத்தார். தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"தப்பா நினைக்காதீங்க சார். உங்க வீட்டம்மா பெருக்கற சாக்குல பெட்டி பெட்டியா எட்டிப் பாக்கறாங்க. யாரைத் தேடறாங்க?"

மறுநாள் காலை, அதிசயமாக வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

"ஸ்டேஷனை நான் பாத்துக்கறேன். இனி நீ வீட்டுலயே இரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தலையில் புது டை.