வலது கையால் ஒரு போர்வை

என் பூத்தையலுக்கு எங்கள் வீட்டில் வைத்திருக்கும் பெயர் 'அது'. "அதை எடுத்து உள்ளே வைங்க, யாரோ வராங்க." "அதை வச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் உக்காராதீங்க, எதிர்வீட்டுக்குத் தெரியும்." அழைப்பு மணி அடித்தால் போதும், என் மனைவி கண்ணாலேயே படுக்கையறையைக் காட்டுவாள். நானும் துணி மாட்டிய வளையம், ஊசி, நூல் பெட்டி எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு கடத்தல்காரன் மாதிரி உள்ளே ஓடுவேன். ஆறடி உயரம், உதட்டை மூடும் மீசை, காலமெல்லாம் கிரேன் ஓட்டிய உடம்பு. குடித்துவிட்டு வந்து விழுந்திருந்தால்கூட இவ்வளவு மறைத்திருக்க மாட்டார்கள். ஆம்பிளை குடிப்பான், அது உலகத்துக்குப் புரியும். அவரைக் கொடிக்கு எந்தப் பச்சை நூல் பொருந்தும் என்று ஒரு கிரேன் ஆபரேட்டர் யோசித்தால்தான் குடும்ப மானம் கப்பலேறிவிடுகிறது.

பழக்கம் பிடித்தது கிரேன் கூண்டுக்குள்தான். இரும்புக் கிடங்கில் வேலை. லாரி வந்து நிற்கும்வரை மேலே தனியாகக் காத்துக் கிடக்க வேண்டும். ஒருநாள் இருக்கையின் உறை கிழிந்து பஞ்சு பிதுங்கியது. கீழே சொன்னால் மாற்றித் தர மழைக்காலம் வந்துவிடும் என்று நானே ஊசி நூல் கொண்டுபோய்த் தைத்தேன். தைத்த பிறகு நூல் மிச்சம் இருந்தது. சும்மா இருக்காமல் பக்கத்தில் ஓர் இலை போட்டேன். இலைக்குக் காம்பு வேண்டாமா? காம்புக்குக் கொடி வேண்டாமா? அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை. ஊசி துணிக்குள் இறங்கும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வரும். கிடங்கில் இரும்பு இரும்போடு மோதும் இரைச்சலுக்கு நடுவில் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். ஒருநாள் கிரேனின் கம்பிக் கயிற்றுக்கு எண்ணெய் விட ஏறிவந்த மெக்கானிக் பார்த்துவிட்டான். வேலை முடிந்து இறங்குவதற்குள் நான் மொத்தக் கிடங்குக்கும் 'டெய்லர்' ஆகியிருந்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை. கேலி செய்தவர்களே தங்கள் பிள்ளைகளின் தொப்பியில் பெயர் போட்டுத் தரச் சொல்லி ரகசியமாக வந்தார்கள்.

வருத்தம் வேறு இடத்தில். என் மகள் சின்ன வகுப்பில் படிக்கும்போது அவள் பையில் மூன்று மீன்கள் போட்டுக் கொடுத்தேன். காலையில் அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனவள், மாலையில் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி எடுத்துக்கொண்டு வந்தாள். "எங்கப்பா போட்டதுன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." அவ்வளவுதான் சொன்னாள். அடுத்த நாளிலிருந்து மீன்கள் அம்மா போட்டவை ஆகிவிட்டன. குழந்தைதானே, வளர்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள். தலையணை உறை, மேசை விரிப்பு, தோழிகளுக்குக் கொடுக்கக் கைக்குட்டை என்று வாங்கிக்கொண்டே இருந்தாள். எல்லாமே அம்மா போட்டவை. என் மனைவிக்குச் சட்டைப் பொத்தான் தைக்கவும் வராது. நான்தான் தைத்துக் கொடுப்பேன்.

எனக்கு வேண்டியது பெரிய பட்டமோ பொன்னாடையோ இல்லை. 'இது எங்கப்பா போட்டது' என்று அவள் வாயால், நாலு பேர் காதில் விழும்படி, ஒரே ஒரு தடவை.

அவள் கல்யாணம் முடிவானதும் ஒரு படுக்கை விரிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்கு ஓரமும் அவரைக் கொடி. கொடி முழுக்கக் காம்புத் தையல், ஊதாப் பூ, அங்கங்கே பிஞ்சு. கடைசி மூலையில், விரல் நகம் அளவுக்கு ஒரு கிரேன் கொக்கி. அது என் கையெழுத்து.

"இது என்னப்பா, கேள்விக்குறி மாதிரி?" என்றாள் மகள்.

"கொக்கிம்மா. நம்ம கிரேன் கொக்கி."

"ஓ." விரிப்பை மடித்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அப்பா, அவர் வீட்டுல அத்தைகிட்ட இது அம்மா போட்டதுன்னு சொல்லிட்டேன். அத்தைக்கும் இதெல்லாம் பிடிக்கும். நீங்கன்னு சொன்னா... எப்படி எடுத்துப்பாங்கன்னு தெரியலை."

"சரிம்மா" என்றேன். வேறு என்ன சொல்வது? கல்யாண நேரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்க முடியுமா?

சமையலறையில் மனைவியிடம் எரிந்து விழுந்தேன். "நான் என்ன கேட்டா வாங்கினேன்?" என்றாள் அவள். "பேரு தானா வந்து ஒட்டிக்கிச்சு. நீங்களும் கிரேன் ஓட்டினோமா, வந்தோமா, தூங்கினோமான்னு இருந்திருக்கணும்."

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்துச் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சம்பந்தியம்மாள் கையோடு அந்த விரிப்பைக் கொண்டுவந்திருந்தார். நான் தேநீர்க் கோப்பையுடன் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தம்மாள் விரிப்பைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டு, முதல் வேலையாகப் பின்பக்கத்தைத் திருப்பினார். ஊசி பிடிக்கிறவர்கள்தான் முதலில் பின்பக்கம் பார்ப்பார்கள். முன்பக்கம் யாரும் அழகு காட்டலாம். ஆளின் லட்சணம் பின்பக்கத்து முடிச்சில்தான் தெரியும். என் விரிப்பில் முடிச்சே கிடையாது.

"எவ்வளவு சுத்தம்!" என்றார். "அக்கா, எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் காம்புத் தையல் கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டுப் போகுது பாருங்க. நாம போட்டா முறுக்கு இந்தப் பக்கம் சாயும். உங்களுது அப்படியே எதிர்ப்பக்கம் சாயுதே. நீங்க இடது கைப் பழக்கமா?"

என் மனைவி அப்போது வலது கையால் பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

நான் என் கோப்பையைப் பார்த்தேன். அதை இடது கையில் பிடித்திருந்தேன். பிறவியிலிருந்தே எனக்கு எல்லாம் இடது கைதான். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் பிரம்பால் அடித்து அடித்து எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றினார். மற்றதை அவரால் பிடுங்க முடியவில்லை.

மகளைப் பார்த்தேன். இதோ, வாசலே திறந்து கிடக்கிறது. நான் கேட்காமலே, யாரும் தள்ளாமலே, அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிரித்துக்கொண்டே சொல்லலாம். 'அத்தை, குட்டு வெளிப்பட்டுடுச்சு, இது அப்பா வேலை' என்றால் எல்லாரும் சிரிப்போம். மாப்பிள்ளைகூட நல்ல பையன், சிரிப்பான்.

"ஆமா அத்தை" என்றாள் மகள். "அம்மாவுக்கு மத்ததெல்லாம் வலது கை. தையல் மட்டும் இடது கை."

"அதிசயமா இருக்கே!" என்றார் சம்பந்தியம்மாள். "மூலையில இது என்ன, கொக்கியா?"

"கொடியோட சுருள்" என்றாள் என் மனைவி, தட்டைக் கீழே வைத்துவிட்டு. வியர்த்துக் கொட்டியது அவளுக்கு. அதற்குப் பிறகு அவர்கள் கிளம்பும்வரை பாவம், எதை எந்தக் கையால் எடுப்பது என்று தெரியாமல் கோப்பையைத் தட்டிவிட்டாள், கரண்டியைக் கீழே போட்டாள். வேறு நேரமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

சம்பந்தியம்மாள் கொக்கியை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என் கோப்பையைப் பார்த்தார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவருக்குத் தெரியும். விரிப்பை மடித்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "வெளிச்சம் குறைவா இருக்கற இடத்துல உக்காராதீங்கண்ணே. கண்ணு முக்கியம்."

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் உச்சி குளிர்ந்து திரிந்தேன். பிறகு யோசித்தால் அதுவும் கசந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் வாசலில், யாருக்கும் கேட்காத குரலில்தான் அவராலும் சொல்ல முடிந்தது.

மகள் உண்டானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்து என் அறையில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் தைத்துக்கொண்டிருந்த மயிலிறகை எடுத்துப் பார்க்காமலே பக்கத்தில் தள்ளி வைத்தாள்.

"அப்பா, குழந்தைக்கு ஒரு சின்னப் போர்வை வேணுமாம். அத்தை ஆசைப்படறாங்க. அதே கையால போட்டதா இருக்கணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தம்மாள் யாரைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். "போட்டுட்டா போச்சு" என்றேன்.

"இல்லப்பா, ஒரு விஷயம்." விரலில் சேலை நுனியைச் சுற்றினாள், சின்ன வயதுப் பழக்கம். "அவங்க அப்படிச் சொன்னதுல எனக்குப் பயமா இருக்கு. சந்தேகம் வந்திருக்குமோன்னு. அன்னிக்கு எப்படியோ சமாளிச்சேன். அம்மாவும் ரொம்பத் தடுமாறிட்டாங்க. அதனால... இந்தத் தடவை வலது கையால போடுங்களேன். அந்தக் கொக்கியும் வேண்டாம்."

"வலது கையாலயா?"

"எழுதறது வலது கையாலதானேப்பா? அதே மாதிரிதானே?"

எழுத்துக்கு வாத்தியார் பிரம்பை எடுத்தார். இவள் 'அப்பா' என்று கூப்பிட்டாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

"சரிம்மா" என்றேன். ஏன் சரி என்றேன் என்று என் மனைவியே திட்டினாள். "உங்களுக்குப் பைத்தியமா? கண்ணு தெரியலை, கை நடுங்குதுன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டாள். அவளிடம் காரணம் சொல்லவில்லை. எனக்கு ஒரு நப்பாசை. வலது கையால் போட்டால் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். அந்த லட்சணத்தை மகளும் பார்க்கட்டும். பார்த்துப் பதறட்டும். 'ஐயோ அப்பா, இது வேண்டாம், உங்க கையாலயே போடுங்க. அத்தைகிட்ட நானே சொல்லிக்கறேன்' என்று அவளே சொல்லட்டும். இதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். ஏமாற்றி இடது கையால் போட்டு முறுக்கை மட்டும் மாற்றிக் காட்டவும் ஒரு வழி இருந்தது. நான் செய்யவில்லை. அவள் கேட்டபடியே வலது கையில் ஊசியைப் பிடித்தேன்.

சகிக்கவில்லை. ஊசி நினைத்த இடத்தில் இறங்காது. இறங்கினால் நினைத்த இடத்தில் வெளியே வராது. நூலை இழுத்தால் துணி சுருங்கியது, விட்டால் நூல் தொங்கியது. அடியில் துணியைப் பிடித்திருந்த இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் விரலைக் கொண்டுபோய் ஊசிக்குக் கொடுத்தது. வெள்ளைத் துணியில் ரத்தப் பொட்டு விழ, அதன்மேல் ஒரு பூவைப் போட்டு மறைத்தேன். வேண்டாத இடத்தில் ஒரு பூ. கொடி, குடித்தவன் நடந்த மாதிரி போயிற்று. இலையில் ஒரு பாதி பெரிது, மறுபாதி சிறிது. அவிழ்த்து மறுபடி போட்டேன், இன்னும் மோசமாக வந்தது. பின்பக்கம் முழுக்க முடிச்சு. கிரேன் இருக்கையில் போட்ட முதல் இலைகூட இதைவிட உருப்படியாக இருந்தது. தைக்கும்போது எனக்கு எப்போதும் மனது அடங்கும். இந்த ஒரு போர்வைக்கு மட்டும் ஒவ்வொரு தையலுக்கும் எரிச்சல்தான் வந்தது. என் ஒரே சந்தோஷத்தைத் தண்டனை ஆக்கிவிட்டாளே என்று வாய்விட்டுத் திட்டினேன். ஆனாலும் முடித்தேன்.

மகள் வந்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தவள் மடியில் போர்வையை வைத்தேன். மனைவி வாசற்படியில் நின்று என்னையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

மகள் பிரித்தாள். கோணல் கொடி, ஒட்டாத இலை, சுருங்கிய துணி எல்லாம் பட்டப்பகல் வெளிச்சத்தில் கிடந்தன. சொல்லும்மா, சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அவள் முகம் மலர்ந்தது.

"ரொம்ப அழகா இருக்குப்பா" என்றாள். "படுக்கை விரிப்பு மாதிரியே அச்சு அசலா வந்திருக்கு. ஒரு வித்தியாசமும் தெரியலை. நான்தான் சும்மா பயந்துட்டேன்."

"நல்லா பாரும்மா" என்றேன்.

"பாத்துட்டேன்பா." மறுபடி ஒருமுறை கையால் நீவினாள். மூலையைத் திருப்பிக் கொக்கி இல்லை என்பதை மட்டும் சரிபார்த்துக்கொண்டாள். "அம்மா கை அம்மா கைதான்னு அத்தை சொல்லப்போறாங்க பாருங்க."

மீன்களிலிருந்து இதுவரை அவளுக்குத் தைத்ததை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். யார் போட்டது என்று சொல்ல அவளுக்கு வெட்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் ஒன்றைக்கூடப் பார்த்ததே இல்லை.

மனைவி வந்து போர்வையை வாங்கி மடித்து ஒரு பையில் போட்டாள். அவளுக்குத் தையல் தெரியாது. ஆனாலும் மடிக்கும்போது கோணலான கொடி உள்பக்கம் போகும்படி மடித்தாள். மகள் கிளம்பிப்போன பிறகு, அழைப்பு மணி அடிக்காமலே நான் வளையத்தையும் நூல் பெட்டியையும் எடுத்து அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன்.

"ஏங்க, அதை ஏன் அங்க வைக்கிறீங்க? இப்ப யாரும் வரலையே" என்றாள் மனைவி.