பேனலில் ஒரு வரிசை ஓட்டை

“ஓட்டை போட்டாச்சுக்கா. இனிமே பேசி என்ன ஆகப்போகுது?”

இறக்கை மாட்டாத விமானத்தின் பக்கத்தில் துளைப்பானும் கையுமாக நின்றார் ரொட்டிக் கடைக்காரர். சீட்டுக்கு முன்னால் இருந்த பேனலின் கீழ் விளிம்பில் வட்ட வட்டமாக ஒரு வரிசை ஓட்டை. அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து இந்தக் கொட்டகையில் கட்டுகிற விமானம் அது. தகடும் ரிவெட்டும் தம்பி வேலை. மின்சாரம் அக்கா வேலை. துணை மின்நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

“யாரைக் கேட்டுடா போட்டே?”

“பெரிய விமானத்துல எல்லாம் இப்படித்தானே? கருப்புக் கருப்பா பிரேக்கர். ஏதாவது ஆச்சுன்னா பொத்தான் வெளியே வந்துடும். ஒரு அமுக்கு, கரண்டு வந்துடும்.”

“கரண்டு வரும். கோளாறு எங்கே போகும்?”

அப்போது தம்பியின் மனைவி டீயோடு வந்து அக்காவிடம் முறையிட்டாள்.

“கடையில அடுப்பு பிரேக்கர் விழுந்தாலும் இதே கதைதான் அண்ணி. மாவு வீணாப் போயிடுமாம். தூக்கித் தூக்கி விட்டுக்கிட்டே இருந்தாரு. சுவரே கருகிப் போச்சு.”

“நீ யார் பக்கம்?”

“நான் சுவர் பக்கம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. கடைச் சுவர் கருகினால் வெளியே ஓடி வந்துவிடலாம். மேலே போனபிறகு எங்கே ஓடுவது? வயரைக் கண்டு அவருக்குப் பயமில்லை. தம்பியின் கட்டைவிரலைக் கண்டுதான் பயம்.

“எல்லாத்துக்கும் ஃபியூஸ்தான். பெட்டி சீட்டுக்குப் பின்னால.”

“அங்கே எனக்கு எப்படிக்கா எட்டும்?”

“எட்டக் கூடாதுன்னுதான் அங்கே வைக்கிறேன்.”

“பறக்கும்போது ரேடியோ செத்துப்போச்சுன்னா?”

“கையில பிடிச்சுப் பேசற ரேடியோ ஒண்ணு பையில இருக்கும்.”

“விளக்கு?”

“பகல்ல விளக்கு எதுக்கு? என்ஜின் தானே பொறி போடற மேக்னெட்டோல ஓடுது, பேட்டரியே செத்தாலும் அது நிக்காது. ஃபியூஸ் ரேடியோவைக் காப்பாத்த வந்ததுன்னு நினைக்கிறியா? அது வயரைக் காப்பாத்த வந்தது. வயர் எரிஞ்சா அதோட நீயும்தான்.”

“ஒரே ஒரு பிரேக்கர் மாட்டிப் பார்ப்போம்க்கா. பிடிக்கலைன்னா கழட்டிடு.”

பிடிவாதம் அந்த வீட்டுச் சொத்து. இந்த முறை அக்கா விட்டுக்கொடுத்தார். தரையிறங்கும்போது போடும் விளக்குக்கு மட்டும் ஒன்றை மாட்டினார். வயரின் மேலுறையைச் சீவுவதற்காக, கரண்டை நிறுத்தப் பொத்தானை வெளியே இழுத்துவிட்டு, விமானத்தின் மூக்குப் பக்கம் போய்க் குனிந்தார்.

“எதையும் தொடாதே, கேட்டியா?”

“சரி, சரி.”

சீட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, மனைவியிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பொத்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அமுக்கினார். முன்னால் படீரென்று ஒரு பொறி. பொத்தான் வெளியே துள்ளியது. கதையை நிறுத்தாமலே மறுபடி அமுக்கினார். மறுபடி பொறி. இன்னொரு அமுக்கு.

“டேய்!”

சீவிய வயரின் முனை சட்டத்தில் உரசிக் கருகியிருந்தது. கருகல் நாற்றம் கொட்டகை முழுக்க. அக்கா விரலை உதறிக்கொண்டு நின்றார்.

“நான் எங்கே அமுக்கினேன்?” என்றார் தம்பி. கட்டைவிரல் இன்னும் பொத்தான் மேலேயே இருந்தது.

அவரே அதைப் பார்த்தார். விரலை எடுத்துக்கொண்டார்.

“கழட்டிடுக்கா.”

மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டருக்கு மட்டும் ஒரு பிரேக்கர் வந்தது. அதன் மின்னழுத்தம் அளவு மீறினால் துண்டிக்க வேண்டும் என்பதால் அக்காவே வைத்தது. மற்ற ஓட்டைகளில் கருப்பு ரப்பர் மூடிகள் ஏறின.

“பார்க்க பிரேக்கர் மாதிரியே இருக்கு,” என்று மனைவி தேற்றினாள்.

தம்பி அதில் முதல் முறை பறந்த அன்று அக்காவும் தம்பி மனைவியும் வேலியோரம் நின்றார்கள். ஒரு வட்டம், இரண்டு வட்டம். பிறகு விமானம் பதறாமல் வந்து இறங்கியது. தம்பியின் மடியில் கை ரேடியோ கிடந்தது.

“பேனல் ரேடியோ போச்சுக்கா. இதுல பேசி இறங்கிட்டேன்.”

அக்கா சீட்டுக்குப் பின்னால் பார்த்தார். ரேடியோ ஃபியூஸ் எரிந்திருந்தது. பேனலுக்குப் பின்னால் வயர் தகட்டு விளிம்பில் தேய்ந்து செம்பு தெரிந்தது. கருகல் இல்லை, நாற்றம் இல்லை.

“இந்த விளிம்புக்கு ரப்பர் வளையம் போடாம விட்டது நான்தான்,” என்றார். “ஃபியூஸ் அதோட வேலையைப் பண்ணிடுச்சு. நீ ஒண்ணும் பண்ணலையே?”

“நான் என்ன பண்ணேன்? பேசாம உட்கார்ந்திருந்தேன்.”

அக்கா டார்ச்சைக் கீழே திருப்பினார். வரிசையில் ஒரு ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தது. மூடி உள்ளே போய் விழுந்து கிடந்தது.

“எத்தனை தடவைடா அமுக்கினே?”

“அதைக் கேட்கவும் வேணுமா அண்ணி?” என்றாள் மனைவி.

தம்பி தலைக்கவசத்தைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அக்கா மூடியை எடுத்து ஊதினார்.

“பசையை எடு. இந்தத் தடவை ஒட்டிடறேன்.”