தம்பியின் மனத்தாங்கல்

பங்குச் சாமியார் சிமிழைத் திறந்து நற்கருணை அப்பத்தை எடுத்ததும் பங்கிராஸ் வாயை மூடிக்கொண்டார். அதுவரை, ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருந்த மனைவிக்காகத் திறந்தே இருந்த வாய் அது.

மரிய செல்வி அவர் காதருகே குனிந்தாள். "என்னங்க, சாமி நன்ம குடுக்க வந்துருக்காரு."

"தெரியுது. டேவிட்டு வரட்டும்."

"அவரு வரும்போது வரட்டுங்க. நீங்க வாங்கிக்கங்க."

அவர் தலையை மட்டும் அசைத்தார். சர்க்கரை நோய் கண்களை எப்போதோ எடுத்துவிட்டது. இப்போது சிறுநீரகங்களும் நின்றுவிட்டன. இனி டயாலிசிஸ் செய்தால் இதயம் தாங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சிறுநீரகம் நின்றால், வெளியேற வேண்டிய கழிவெல்லாம் ரத்தத்திலேயே தங்கும். முதலில் களைப்பு வரும்; பிறகு தூக்கம்; பிறகு அந்தத் தூக்கத்திலிருந்து ஆளை எழுப்ப முடியாது. நர்ஸ் இதைப் பொறுமையாக விளக்கியிருந்தாள். அதனால்தான் அவர் அசந்துபோகும்போதெல்லாம் மரிய செல்வி அவர் தோளைத் தொட்டு எழுப்பிக்கொண்டிருந்தாள்.

சாமியார் சொன்னார்: "பங்கிராஸ், நீங்க தம்பியத் தேடிப் போனீங்க. அவரு மொகங் குடுக்கல. அதோட உங்க கடமை முடிஞ்சுது."

"வேதத்துல அப்புடி எழுதலியே சாமி. சமாதானமாயிட்டு வான்னுல்ல இருக்கு? சும்மா போயிட்டு வான்னா நான் எப்பவோ வந்துருப்பேன்."

சாமியார் சிரிக்கப் பார்த்து, முடியாமல், சிமிழை மூடினார். "வெளிய ஒக்காந்துருக்கேன்மா. கூப்பிடுங்க."

பங்கிராஸ் வேதத்தை வாசித்த விதமே வேறு. புது மோட்டாருடன் வரும் குறிப்புகளை மெக்கானிக் படிப்பதுபோலப் படிப்பார். எந்தத் திருகை எந்தப் பக்கம் திருப்புவது என்று அதில் இருக்கும், திருப்பினால் வேலை செய்யும், அவ்வளவுதான். கூலியைப் பொழுது சாயுமுன் கொடு என்றிருந்தது. அவர் வயலில் வேலை செய்த யாரும் மறுநாள் வந்து கூலிக்கு நின்றதில்லை. பாகப்பிரிவினை வந்தபோது ஆபிரகாமைப் பின்பற்றினார். ஆபிரகாம் தன் தம்பி மகன் லோத்திடம், நிலத்தை முதலில் நீயே எடுத்துக்கொள், மிச்சம் எனக்கு என்றார். பங்கிராஸும் டேவிட்டிடம் அதையே சொன்னார். டேவிட் கிணற்றோடு இருந்த பள்ளக் காட்டை எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குச் செம்பாறை மேடு.

சண்டை அங்கிருந்துதான் வந்தது. மேட்டில் பங்கிராஸ் போர் போட்டார். பாறை இடுக்கில் தண்ணீர் பீறிட்டது. திறந்த கிணறு, மழை பெய்து மேல்மண்ணில் ஊறுவதைப் பிடித்து வைக்கும் பாத்திரம். போர் அதற்குக் கீழே, பாறை விரிசலுக்குள் இறங்கி உறிஞ்சுவது. கீழே உறிஞ்ச உறிஞ்ச, மேலே ஊறுவதும் அந்த விரிசல் வழியாக இறங்கிவிடும். சில கோடைகளில் பள்ளத்துக் கிணறு தரை தெரிய வற்றியது.

"தெரிஞ்சேதான் என்னைய மொத எடுக்கச் சொல்லிருக்காரு. ஆபிரகாமாம் ஆபிரகாம்!" என்று டேவிட் ஊர் நடுவில் நின்று கத்தினார்.

பங்கிராஸுக்கு உண்மையிலேயே தெரியாது. மேட்டிலிருந்து தம்பி வயலுக்குக் குழாய் பதித்துக் கொடுத்தார். டேவிட் அதைப் பிடுங்கி வந்து அண்ணன் வாசலில் போட்டார். அந்த ஞாயிறு முதல் பங்கிராஸ் நற்கருணை வாங்கவில்லை. காணிக்கையோடு பீடத்துக்கு வரும்போது உன் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறது வசனம். "நல்லாப் பாரு செல்வி. எனக்கு அவன் மேலன்னு இல்ல. அவனுக்கு எம்மேலன்னு இருக்கு. தப்பு யாருதுன்னு வேதம் கேக்கவே இல்ல," என்பார்.

அவள் தனியாகவே எழுந்து போய் வாங்கித் திரும்புவாள். என்ன பாவம் செய்துவிட்டு அந்த மனுசன் உட்கார்ந்தே இருக்கிறார் என்று பக்கத்து வரிசையில் குசுகுசுப்பது அவள் காதிலும் விழும். அவரிடம் அதை அவள் சொன்னதில்லை.

அவள் கொல்லைப்புறம் போய் டேவிட்டுக்கு மறுபடி போன் போட்டாள்.

"தம்பி, இன்னிக்குத் தாண்டாது. ஒரு எட்டு வந்து நின்னாப் போதும். பேசக்கூட வேணாம்."

"நாக்கு வறண்டு கெடக்காராக்கும்? அவருக்கென்ன மதினி, போர்ல தண்ணி கொட்டுது. ஊத்துங்க."

"தம்பி, நன்ம வாங்காமப் போயிருவாருய்யா. ஒங்க கால்ல வேணா விழுறேன்."

எதிர்முனையில் டேவிட் போனை வைத்துவிட்டார்.

அப்போது வாசலில் பைக் சத்தம். டேவிட்டின் மகன் ஜோஸ், அன்னவாசலில் துணிக்கடை பில் கவுண்டரில் இருப்பவன், அப்பாவுக்குத் தெரியாமல் வந்திருந்தான். "பெரியம்மா, எப்புடி இருக்காரு?" என்றான்.

உள்ளேயிருந்து பங்கிராஸின் குரல் எழுந்தது. காலையிலிருந்து அவ்வளவு பலமாக அவர் பேசவில்லை.

"டேவிட்டா? டேய், வந்துட்டியாடா?"

ஜோஸுக்கு அப்படியே அப்பன் குரல். அவன் திருத்தப் போனான். மரிய செல்வி அவன் வாயைக் கையால் பொத்தினாள். அவள் கண்களைப் பார்த்தவன், "வேணாம் பெரியம்மா. தப்பு," என்று முனகினான்.

"பாவம் என்னோட இருக்கட்டும். வா."

அவனைக் கட்டிலருகே மண்டியிட வைத்தாள். "ஆமாங்க. தம்பிதான் வந்துருக்காரு," என்றாள். தன் குரல் யாருடையதோபோல் அவளுக்குக் கேட்டது.

பங்கிராஸ் கையைத் துழாவினார். ஜோஸ் தன் கையைக் கொடுத்தான். பெரியவர் அதை இரண்டு கைகளாலும் வாங்கி உள்ளங்கையைத் தடவினார். டேவிட் கடப்பாரை பிடித்த ஆள். அவர் உள்ளங்கை காய்த்துப் போய்ச் சொரசொரவென்று இருக்கும். இந்தக் கையில் கல்யாண மோதிரத்தைத் தவிரத் தடங்கல் எதுவும் இல்லை. தடவிய விரல்கள் ஓரிடத்தில் நின்றன.

"கெணத்துல தண்ணி கெடக்காடா?"

ஜோஸ் பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"கெடக்குண்ணே. படி முங்கக் கெடக்கு."

பங்கிராஸ் அந்தக் கையை விடவில்லை. பிறகு, "அப்பச் சரி. செல்வி, சாமியக் கூப்பிடு," என்றார்.

சாமியார் உள்ளே வந்தார். மண்டியிட்டிருந்த ஜோஸைப் பார்த்தார், மரிய செல்வியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சிமிழைத் திறந்து, அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளினார். பங்கிராஸ் வாயைத் திறந்தார். அது தொண்டையில் இறங்க, செல்வி ஒரு கரண்டி தண்ணீர் விட்டாள். இறங்கிவிட்டது.

எல்லோரும் வெளியே போனபின் அவர் அவளைக் கிட்டே அழைத்தார்.

"பையன் பைக்லயா வந்தான்?"

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மழ வரும்போல காத்தடிக்குது. பாத்துப் போகச் சொல்லு."

அதன்பின் அவர் தூங்கினார். அவள் தோளைத் தொட்டாள். உலுக்கினாள். "என்னங்க, என்னைய ஏசியாச்சும் போங்க," என்றாள். மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்து, பொழுது சாயும் நேரத்தில் வராமல் போயிற்று.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில், பெட்டியைக் குழிக்குள் இறக்கியபின் டேவிட் வந்தார். கூட்டம் விலகி வழி விட்டது. அவர் குழியைப் பார்க்கவில்லை. நேராக மரிய செல்வியிடம் வந்தார்.

"நான் வந்தேன்னு சொன்னியளாமே மதினி?"

அவள் தலை நிமிர்ந்தாள். அழுது வீங்கியிருந்தாலும் கண்கள் தாழவில்லை. "சொன்னேன்."

ஜோஸ் இரண்டடி பின்னால் போனான். டேவிட்டின் தாடை அசைந்தது. யாரோ அவர் தோளைப் பிடிக்க வந்தார்கள்; அவர் தட்டிவிட்டார்.

"என்ன சொன்னேன் நான்?"

"கெணத்துல படி முங்கத் தண்ணி கெடக்குன்னு சொன்னீங்க, தம்பி."

"அதுக்கு அவரு?"

"அப்பச் சரின்னாரு."

டேவிட் அப்படியே நின்றார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் குனிந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டுவிட்டு நகர்ந்தார்கள். கடைசியில் அவரும் குனிந்து ஒரு பிடி அள்ளினார். குழியின் விளிம்புக்கு வந்தார். சாமியார் புத்தகத்தை மூடினார். குழி வெட்டிய முத்துராஜ், மண்வெட்டியை ஊன்றியபடி வானத்தைப் பார்த்தார்.

"போடுங்கண்ணே. மழ வந்துரும்."

டேவிட் கையைக் குழிக்கு மேல் நீட்டினார். விரல்கள் விரியவில்லை. முதல் தூறல் விழுந்து, கூட்டம் முந்தானையையும் துண்டையும் தலையில் போட்டுக்கொண்டு கலையத் தொடங்கியபோதும், அந்தக் கை மூடியபடியே நீண்டிருந்தது.